காஷ் என்ற சொல் காசிலிருந்து வந்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பின்னேர வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எந்த வகுப்பானாலும் ஒரு வருடத்துக்குள் யாராவது ஒரு பிள்ளை கை உயர்த்திக் காஷ் பற்றிக் கேட்கும். பிள்ளை கேட்காவிட்டால் கூட்டிக்கொண்டு போக வந்த தகப்பன் கேட்பார். கலியாண வீட்டுப் பந்தியில் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி, பாதியில் மணியடித்து, மிச்சம் அடுத்த கிழமைக்குப் போய்விடும். அதனால் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து எழுதிவிட்டேன்.

ரீச்சர், காஷ் எண்டது எங்கட காசில இருந்துதானே வந்தது?

நீங்கள் கையில் வைத்திருக்கும் காஷ், அதாவது ரொக்கப் பணம் என்ற பொருளில் இன்று உலகம் முழுவதும் பேசப்படும் காஷ், நம் காசிலிருந்து வரவில்லை. அது லத்தீனிலிருந்து வந்தது.

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு காஷ் இருக்கிறது. அதே எழுத்து, அதே உச்சரிப்பு. அது சிறு செப்பு நாணயத்தைக் குறிக்கும். அந்தச் சொல் நம் காசுதான். நல்ல அகராதிகள் இவற்றை ஒரே சொல்லாகக் காட்டாமல் தனித்தனியே பதிந்திருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழைப்பதால்தான் இத்தனை வாக்குவாதமும்.

காஷ் எண்டாலும் காசு, மணி எண்டாலும் காசு. பிறகேன் ரெண்டு சொல்?

மணி என்பது பொதுச்சொல். வங்கியில் கிடப்பது, கடனாகக் கொடுத்தது, கார்டில் இருப்பது எல்லாம் மணி. காஷ் என்றால் நோட்டும் குற்றியுமாகக் கையில் உடனே எடுத்துக் கொடுக்கக்கூடியது. லட்சக்கணக்கில் மணி உள்ளவரிடமும் பஸ்ஸுக்குக் கொடுக்கக் காஷ் இல்லாமல் இருக்கலாம். வினையாகவும் வரும்: நாம் செக் மாத்துறது என்று சொல்வதைத்தான் ஆங்கிலத்தில் செக்கைக் காஷ் பண்ணுவது என்பார்கள்.

பரீட்சை எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காஷ் எண்ண முடியாத பெயர். முன்னால் ஏ போடக்கூடாது, பின்னால் எஸ் போட்டுப் பன்மையாக்கக்கூடாது.

அப்ப அந்த முதலாவது காஷ் எங்கயிருந்து வந்தது?

லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. பிடித்துக்கொள், எடுத்துக்கொள் என்ற பொருளுடைய காப்பெரே என்ற வினையிலிருந்து பிறந்த சொல். அது இத்தாலிய மொழியில் காஸ்ஸா என்றும் பிரெஞ்சில் கெஸ் என்றும் ஆனது. வியாபாரிகள் அந்தச் சொல்லைத் தங்கள் பணப்பெட்டிக்குப் பயன்படுத்தினார்கள்.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அதற்கு இரண்டு பொருளும் இருந்தன: பணம் வைக்கும் பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் பணம். 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்து, பணம் மட்டும் நிலைத்தது.

பெட்டி எப்பிடிக் காசாகும்? நம்பேலாமல் கிடக்கு.

இதை நம்புவதற்குத் தமிழ் படித்தவர்களைவிட ஆயத்தமானவர்கள் யாரும் இல்லை. ஆகுபெயர் படித்திருக்கிறீர்கள்தானே? ஒருவர் ஒரு போத்தல் குடித்துவிட்டார் என்றால் கண்ணாடியையா குடித்தார்? உள்ளே இருந்ததைக் குடித்தார். பாத்திரத்தின் பெயர் உள்ளே இருக்கும் பொருளுக்கு ஆகிவந்திருக்கிறது. பெட்டி பணமானதும் இதே வழியில்தான்.

பணம் சம்பந்தப்பட்ட ஆங்கிலச் சொற்களில் இது ஒன்றும் புதுமை இல்லை. பட்ஜெட் என்பது பழைய பிரெஞ்சில் சிறிய தோற்பையின் பெயர். பாங்க் என்பதன் அடி, வாங்கு. நாம் இருக்கப் போடும் நீளப் பலகை வாங்குதான். இத்தாலியக் காசுமாற்றுவோர் அதில் வைத்து வியாபாரம் செய்தார்கள். பை, வாங்கு, பெட்டி என்று காசைச் சுற்றிக் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்கள்தான் இன்று நிதியமைச்சர்களின் வாயில் வருகின்றன.

சத்தம் இவ்வளவு ஒத்துப்போகுது, கருத்தும் ஒண்டு. அது காணாதோ?

காணாது. இதைச் சொல்லும்போது பல முகங்கள் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு உதாரணம். ஆங்கிலத்தில் எயிட், தமிழில் எட்டு. சத்தமும் ஒன்று, எண்ணும் ஒன்று. ஆனால் ஆங்கிலச் சொல்லின் உறவுகளைப் பாருங்கள்: ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஒக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. எட்டுக் கையுள்ள ஒக்டோபஸும் அந்தக் குடும்பம். இனி நம் எட்டின் உறவுகள்: எண்பது, எண்ணூறு, எண்கோணம். இதன் வேர் எண். இரண்டையும் பின்னோக்கித் தேடிப்போனால் நெருங்கி வரவில்லை, தூரப் போகின்றன. உண்மையான உறவு என்றால் பழைய வடிவங்கள் ஒன்றை ஒன்று நெருங்க வேண்டும்.

காஷ் விஷயத்திலும் அப்படித்தான். இன்னொன்று, காலம். ஷேக்ஸ்பியர் 1599 வாக்கில் எழுதிய ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஒரு பாத்திரம் கடனைக் காஷாகத் தருகிறேன் என்கிறது. கிழக்கிந்தியக் கம்பனிக்கு அரச சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31இல். கம்பனி சென்னையில் காலூன்றியது 1639இல். ஆங்கிலேயர் தமிழ்க் கரையில் கடை போடுவதற்கு முன்பே லண்டன் நாடகமேடையில் அந்தச் சொல் சாதாரணமாகப் புழங்கிவிட்டது. இடையில் பிரெஞ்சும் இத்தாலியமும் இருந்து, பெட்டி என்ற பொருளும் கூடவே வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சரி, எங்கட காசில இருந்து வந்த மற்றக் காஷ் எது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

போர்த்துக்கீசர் 1498இல் கோழிக்கோட்டில் இறங்கினார்கள். தென்னிந்தியச் சந்தைகளில் சில்லறை நாணயத்தைக் காசு என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டார்கள். தமிழில் மட்டுமா? மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் துளுவிலும் காசு காசுதான். அவர்கள் அதைக் கைஷா என்று எழுதினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஆங்கிலேயர் அதைக் காஷ் ஆக்கினார்கள். இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கென்று யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதி, இந்தச் சொல்லைத் தமிழ்க் காசோடு சேர்த்துத்தான் விளக்குகிறது. மற்றக் காஷோடு குழப்பக்கூடாது என்ற எண்ணம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

சென்னையில் கம்பனியின் கணக்கு இப்படி: 80 காஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஃபனம் வேறு ஒன்றுமில்லை, நம் பணம்தான்! ஒரு வராகனுக்கு 3360 காஷ். 1818இல் ரூபாயை அடிப்படை நாணயமாக்கும்வரை இந்தக் கணக்கு நடந்தது. அந்தச் செப்புக் காசுகளை இங்கிலாந்திலேயே அச்சடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படி 1808ஆம் ஆண்டு பொறித்த 10 காஷ், 20 காஷ் நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்டினர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம் குட்வின் மணல்மேட்டில் உடைந்து தாண்டது. 1980களில் சுழியோடிகள் அவற்றை அள்ளி எடுத்தார்கள். ஒரு பக்கம் கம்பனியின் சின்னம். மறுபக்கம் ஆங்கிலத்தில் காஷ் என்றும், பாரசீக எழுத்தில் இருபது காஸ் நான்கு ஃபலூஸ் என்றும் இருக்கும். நம்முடைய ஒரு சின்னச் சொல் இரண்டு எழுத்தில் அச்சாகி, ஆங்கிலக் கடலுக்கடியில் 170 வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது.

திருவிதாங்கூரில் இது இன்னும் நீண்ட காலம் வாழ்ந்தது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கத்தை நாணயங்களில் ஒரு காஷ், நாலு காஷ், எட்டுக் காஷ் என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருந்தார்கள். 1949 வரை அந்த வழக்கம் இருந்தது.

காசு எண்டு கேட்ட போர்த்துக்கீசன் ஏன் கைஷா எண்டு எழுதினவன்?

மிக நல்ல கேள்வி. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. போர்த்துக்கீச மொழியில் கைஷா என்றால் என்ன தெரியுமா? பெட்டி! மேலே சொன்ன அதே லத்தீன் காப்ஸாவின் பிள்ளை. கேட்டது காசு, ஆனால் காதுக்குப் பழக்கமான சொல் கைஷா. வந்த விருந்தாளிக்குத் தங்கள் வீட்டுச் சட்டையை மாட்டிவிட்டார்கள். காசும் காப்ஸாவும் பிறப்பால் உறவில்லாவிட்டாலும், போர்த்துக்கீசரின் வாயில் ஒருதரம் ஒரே வடிவில் சந்தித்தன. பிறகு ஆங்கிலத்திலும் ஒரே வடிவில் வந்து நின்றன.

இதே மாதிரி ஒன்று நம் வளவிலேயே நிற்கிறது. பனைக்கு ஆங்கிலத்தில் பல்மைரா. போர்த்துக்கீசத்தில் பல்மெய்ரா என்றால் பனை, தென்னை போன்ற மரம், அவ்வளவுதான். அதை எடுத்த ஆங்கிலேயர், சிரியாவில் இருக்கும் பல்மைரா என்ற பழைய நகரத்தின் பெயர்போல எழுத்தை மாற்றிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பனை சிரியாவிலிருந்து வந்ததோ என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். எழுத்து ஒத்திருப்பதை மட்டும் நம்பினால் அங்கேதான் போய் நிற்போம்.

சீனாக்காரன்ர ஓட்டைக் காசுக்கும் காஷ் எண்டு போட்டிருக்கே. அவனும் எங்களிட்ட வாங்கினவனோ?

நடுவில் சதுர ஓட்டை உள்ள அந்த நாணயத்தைச் சீனர் காஷ் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அவர்களுடைய சொற்களே இருக்கின்றன. போர்த்துக்கீசர் இந்தியக் கரையில் எடுத்த சொல்லைக் கிழக்கே கொண்டுபோனார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அந்தப் பக்கத்துச் சில்லறை நாணயங்களுக்கும் அதே பெயரைச் சொன்னார்கள். ஆங்கிலேயரும் அப்படியே தொடர்ந்தார்கள். இன்றும் நாணயம் சேர்ப்பவர்களின் ஆங்கிலப் பட்டியல்களில் சீனக் காஷ் என்றுதான் இருக்கும். நாணயம் சீனாவுடையது, ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயர் தமிழ் வழியில் போனது.

காசே சமஸ்கிருதம் எண்டு எங்கட மாமா சொல்லுறார். உண்மையோ?

சமஸ்கிருதத்தில் கர்ஷம் என்றொரு நிறை அளவு உண்டு, பொன்னும் வெள்ளியும் நிறுக்க. காசு அதிலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்னதுபோலத் திராவிட மொழிகள் பலவற்றில் பொதுவாக இருப்பதால் இது திராவிடச் சொல்லே என்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மாமா சொல்வது ஆதாரமில்லாத கதையல்ல, முடிந்த தீர்ப்புமல்ல.

ஆனால் தமிழில் அது எவ்வளவு பழையது என்பதில் சந்தேகமே இல்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழம், பொற்கொல்லர் நூலில் கோக்க நகத்தால் பிடித்திருக்கும் பொற்காசு போல இருக்கிறது என்று அள்ளூர் நன்முல்லையார் பாடுகிறார். காசு அங்கே நகையில் கோக்கும் பொன். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவீழிமிழலையில் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்கிறார். தேய்ந்த காசை மாற்றும்போது கழிக்கும் தொகைதான் வாசி. கோயிலில் ஆயிரம் தடவை பாடியிருப்போம். அது ஒரு நாணயமாற்றுச் சிக்கல் என்று நினைத்திருக்க மாட்டோம். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வருகிறது. இன்றைய கணக்கில் 12.5 வீதம். சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்று நம் தீவின் பெயரோடு ஒரு காசும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோ நந்தியும் சேது என்ற எழுத்தும் பொறித்துத் தங்கள் காசை அடித்தார்கள்.

யாப்பு படித்தவர்களுக்கு இன்னொன்று: வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு வைத்தார்களே, அதில் நிற்பதும் இந்தக் காசுதான்.

காஷியர், காஷ்யூ, காஷ்மியர், கசெட், கேஸ்... இதெல்லாம் ஒரே குடும்பமோ?

பாதிதான். காஷியர், கசெட், கப்சியூல் மூன்றும் காப்ஸாவின் வழி வந்தவை. கசெட் சின்னப் பெட்டி, கப்சியூல் அதைவிடச் சின்னப் பெட்டி. லொறியின் சசியும் அந்தக் குடும்பம்தான், பெட்டியிலிருந்து சட்டமாகி வந்தது.

காஷ்யூ, அதாவது கஜு, பிரேசிலின் துப்பி மொழிச் சொல். மரத்தையும் பெயரையும் போர்த்துக்கீசர்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். காஷ்மியர் கம்பளி காஷ்மீரின் பெயர். ஒருவரைப் படையிலிருந்து விலக்குவதற்கும் ஆங்கிலத்தில் காஷியர் என்றொரு வினை உண்டு. அது டச்சு வழியாக வந்த வேறு சொல், பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேஸ் சுவாரசியமானது. கண்ணாடி வைக்கும் கேஸ் காப்ஸாவிலிருந்து வந்தது. கோர்ட்டில் நடக்கும் கேஸ், விழுதல் அல்லது நேர்தல் என்ற பொருளுடைய காஸுஸ் என்ற வேறு லத்தீன் சொல். ஒரே உருவில் இரண்டு சொல் என்பது காஷுக்கு மட்டும் நடந்ததல்ல.

போர்த்துக்கீசர் எங்கட காசைக் கொண்டுபோனவை. பதிலுக்கு என்ன தந்தவை?

அவர்கள் யாழ்ப்பாண அரசைப் பிடித்தது 1619இல், டச்சுக்காரரிடம் இழந்தது 1658இல். அந்த நாற்பது வருடத்திலும் அதற்கு முன்பின் நடந்த வியாபாரத்திலும் வந்தவை நம் வீடு நிறைய இருக்கின்றன. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், துவாய், சப்பாத்து, காலைச் சாப்பாட்டுப் பாண். டச்சுக்காரர் கந்தோரையும் லாச்சியையும் தந்தார்கள். பழைய கடைகளில் காசு போடும் லாச்சி, டச்சில் இழுப்பறை என்று பொருள்படும் சொல். தமிழ்க் காசு டச்சுப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது!

இப்பிடிச் சொன்னால் எங்கட மொழியைக் குறைச்ச மாதிரி இல்லையோ, ரீச்சர்?

இதைக் கேட்டவர் கோபத்தில் கேட்கவில்லை, மனம் நொந்து கேட்டார். அதனால் நானும் மனதோடு சொல்கிறேன். தமிழ் கொடுத்த சொற்கள் ஆங்கிலத்தில் உண்மையாகவே இருக்கின்றன. கட்டுமரம் கட்டமரான் ஆனது. சுருட்டு செரூட் ஆனது. தீவகத்திலும் வலிகாமத்திலும் சுருட்டுக் கொட்டில்களில் உழைத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அந்தச் சொல் அவர்களுடையதும்தான். மிளகுதண்ணி, வெட்டிவேர், கறி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றுக்கெல்லாம் வழியும் காலமும் காட்டலாம்.

சும்மா சத்தத்தை வைத்து ஒரு பொய்யை இவற்றோடு சேர்த்தால் கேட்பவர் மற்றவற்றையும் நம்பமாட்டார். வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளை வகுப்பில் எழும்பி, காஷ் தமிழ்ச் சொல் என்று சொல்ல, ஆசிரியர் அகராதியைத் திறந்து காட்டினால் அந்தப் பிள்ளையின் முகம் என்னவாகும்? அதே பிள்ளை கடலுக்கடியில் கிடந்த செப்புக்காசின் கதையைச் சொன்னால் வகுப்பே காது கொடுக்கும்.

ஒரு புத்தகத்தில காஷ் எண்டு வந்தால் எந்தக் காஷ் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முன்னால் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து காஷ், இருபது காஷ் என்று எண்ணி எழுதியிருந்தால், அது பழைய தென்னிந்திய அல்லது சீன நாணயம், நம் காசு. எண்ண முடியாத பெயர் என்று மேலே சொன்னது முதலாவது காஷுக்கு. இந்த இரண்டாவதை எண்ணலாம், ஆனால் இதற்கும் எஸ் சேர்ப்பதில்லை. பணம் என்ற பொதுப்பொருளில் வந்தால் லத்தீன் காஷ்.

காசோலை, காசாளர், காசேடு எல்லாம் காஷைப் பார்த்து உண்டாக்கின சொல்லுகள்தானே?

கருத்து அங்கிருந்து வந்தது, சொல் நம்முடையது. கணக்கீடு படிக்கும் பிள்ளைகளுக்கு காஷ் புக் காசேடு, பெட்டி காஷ் சில்லறைக் காசு. இந்தப் பெட்டிக்கும் நம் பெட்டிக்கும் தொடர்பில்லை, அது சின்னது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. தமிழ்நாட்டில் பணப்பயிர் என்பதை இங்கே காசுப்பயிர் என்று படிக்கிறோம். காஷ் வரும் இடத்திலெல்லாம் காசைப் போட நமக்கு வசதியாக இருப்பது, எயிட்டும் எட்டும் ஒத்ததுபோல, அதிட்டவசமான ஒற்றுமை.

செக் என்ற சொல்லின் வழி வேறு. சதுரங்கத்தில் அரசனைக் குறிக்கும் பாரசீக ஷாவிலிருந்து, தடுத்துச் சரிபார்ப்பது என்ற பொருளுக்கு வந்து, வங்கித் துண்டானது. அதற்குத் தமிழில் பெயர் வைத்தவர் ஷாவையும் பார்க்கவில்லை, சதுரங்கத்தையும் பார்க்கவில்லை. காசு கொடுக்கச் சொல்லி எழுதும் ஓலை, காசோலை. உறுதியும் சாதகமும் ஓலையில் எழுதிய ஊர்க்காரருக்கு அந்தச் சொல்லை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்காது.